மழைக்கு மறுநாள் பெட்டி

ஆன்சி கோதுமை வயலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் பார்த்த வயலெல்லாம் பொன்னேரி தாண்டும்போது ரயில் ஜன்னலில் ஓடி மறைகிற நெல்வயல்தான். ஆனால் மூன்று வருஷமாக, விஜயபுராப் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைகிற கோதுமையின் காற்று அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது. விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள், வாயில் ரப்பர் மூடி, ஒரு பெட்டிக்கு முப்பத்தாறு. கூரியர்க்காரர் அதைத் திருவொற்றியூர் ஆய்வுக்கூடத்து மேஜையில் வைக்கும்போதெல்லாம் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி கீதும்மா."

"ஒண்ணும் இல்லன்னு நீ சொல்லாத நைனா. அத மிஷின் சொல்லட்டும்."

அனுப்புகிறவர் வினிதா. கோயம்புத்தூர்க்காரர், விஜயபுராவில் மானாவாரி விவசாய ஆராய்ச்சியில் இருந்தார். வயலில் பன்னிரண்டு இடங்களில், வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடியை மண்ணில் பதிப்பார். மூடியவுடன் உள்ளிருக்கும் காற்றில் ஒரு குப்பி எடுப்பார். இருபது நிமிஷம் கழித்து ஒன்று, நாற்பது நிமிஷம் கழித்து ஒன்று. யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறதென்றால் மூன்று குப்பிகளிலும் எண் படிபோல ஏறும். கிளம்பாவிட்டால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு கரியமில வாயுவைவிட இருநூற்றெழுபது மடங்கு பொல்லாதது. மழை குறைந்த கோதுமை வயலில் அது எவ்வளவு கிளம்புகிறது, யூரியாவை எப்போது போட்டால் குறையும் என்பதுதான் வினிதாவின் ஆராய்ச்சி. அதற்கான எண்களைச் சொல்லும் வேலை ஆன்சியுடையது.

அவள் பிறந்தது ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா அருள்நாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அப்போதெல்லாம் அங்கே நிலக்கரி இறங்கும். கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டையை உதறாமல் மடித்தால் அம்மாவிடம் அடி விழும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் வெள்ளை உடுப்பை மட்டும் வீட்டுக்குள் விசிறிக்கு அடியில் காயவைப்பார்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது என்று ஆறாம் வகுப்பில் டீச்சர் பாடம் நடத்தியபோது கடைசி பெஞ்சில் ஆன்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே நிற்க வைத்தார்கள்.

பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமா முடித்து, இருபத்திரண்டு வயதில் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். ஆலைக் கழிவுநீர், கொதிகலன் தண்ணீர், புகைபோக்கிச் சாம்பல் என்று எட்டு வருஷம் ஓடியது. வாயுக்களைப் பிரித்து அளக்கும் இயந்திரம் வந்து இறங்கியபோது, விலையைக் கேட்டே மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். இவள் கை வைத்தாள். அன்றிலிருந்து அது ஆன்சி மிஷின். சந்துக்காரர்களுக்கு அவள் காத்து டெஸ்டு ஆன்சி. "எம்மா, எங்க வூட்டாண்ட கலீஜா ஒரு நாத்தம் அடிக்குது, ஒரு ஊசி போட்டுப் பாரேன்" என்று குழாயடியில் வம்புக்கு இழுப்பார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. குப்பியை இயந்திரத்தில் ஏற்றும் முன் மொட்டை மாடிக்குப் போவாள். எண்ணூர்ப் புகைபோக்கிகளின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். தெற்கே சாய்ந்தால் காற்று வடக்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். நோட்டில் "வடக்கு" என்று எழுதி, ஜன்னலைச் சாத்தி, முடிந்தால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிவிடுவாள். எண்ணூரில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வருஷத்திலிருந்து அந்தப் பழக்கம். அவள் நாத்தனார் குடும்பமும் அன்று ஓடியது.

மேலாளர் ஞானதுரை நாசரேத்துக்காரர். அவருக்கு இது வேடிக்கை.

"குப்பி மூடித்தானம்மா கெடக்கு. நீ என்னத்துக்கு மாடிக்கும் கீழுக்கும் ஓடுத?"

"சார், நீங்க நாசரேத்துல பொறந்தவரு. எங்க காத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"நாப்பது வயசுல சுகர் வந்தது உங்க காத்துனாலதான்னு என் வீட்டுக்காரியும் சொல்லுதா."

சிரித்தாலும் அவர் அவளை நம்பினார். ஏப்ரல் முதல் வாயு அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து ஆன்சியுடையதாக இருக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். டிப்ளமாக்காரர் யாருக்கும் அங்கே அந்தக் கையெழுத்து கிடைத்ததில்லை. ஆன்சி அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்தப் பருவத்துக்குப் பதினான்கு பெட்டிகள். ஜனவரிக் கடைசியில் எட்டாம் பெட்டியைத் திறந்த அன்று வடக்குக் காற்று. ஜன்னலைச் சாத்தியும் உள்ளே அழுகிய முட்டை நாற்றம். தள்ளிப்போட நாள் இல்லை. ஒவ்வொரு மூடியின் மூன்று குப்பிகளும் பெட்டிக்குள் முன்னும் பின்னுமாக ஒரு வரிசையில் நிற்கும். நாற்பது நிமிஷக் குப்பி கடைசியில். சுடிதார்க் கை பட்டு மற்றவை சாயாமல் இருக்க, எப்போதும் கடைசிக் குப்பிகளைத்தான் முதலில் உருவுவாள். அன்றும் இடது பக்கத்திலிருந்து ஆறு வரிசைகளின் கடைசிக் குப்பிகளை மிஷினில் போட்டாள். சாதாரணக் காற்றுக்கு முந்நூற்று நாற்பதை ஒட்டி வர வேண்டிய எண், ஆறிலும் ஆயிரத்து நானூறு, ஆயிரத்து அறுநூறு என்று எகிறியது. இந்த வயலிலிருந்து அப்படி ஒரு எண்ணை அவள் பார்த்ததே இல்லை. மூக்கில் நாற்றம். நோட்டில் "வடக்கு".

மீதி முப்பது குப்பிகளை அவள் போடவேயில்லை. 'பெட்டி முழுவதும் வெளிக்காற்றுக் கலப்பு. நிராகரிப்பு' என்று எழுதி ஓரமாக வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

மற்ற பதின்மூன்று பெட்டிகளிலும் எண்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அறிக்கை போயிற்று. சனிக்கிழமை மதியத்தோடு லீவு போட்டுவிட்டு ராயபுரம் வந்து, கணவன் பிராங்கிளினுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் மாதவரத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன். அன்று அவனுக்கு வார விடுமுறை. மணி ஒன்று. வினிதா போனில் வந்தார்.

"ஆன்சி, ரிப்போர்ட் பார்த்தேனுங்க. நல்லா இருக்கு. எட்டாம் பெட்டி மட்டும் ரிஜெக்ட்னு இருக்கே, என்ன ஆச்சு?"

"அது எங்க காத்து கலந்துடுச்சு மேடம். அன்னிக்கு இங்க ரொம்ப மோசம்."

"அடடா. அது மழைக்கு மறுநாள் எடுத்ததுங்க."

"மழையா? அங்கயா?"

"கார்த்திகையில உங்க பக்கம் புயல் கரை தாண்டுச்சில்லைங்க? அதோட மிச்சம் இங்க வந்து ரெண்டு நாள் பெஞ்சுது. இந்தப் பருவத்துக்கே அந்த ஒரே மழைதான். காஞ்சு கெடந்த மண்ணு திடீர்னு நனைஞ்சா குபுகுபுன்னு கிளம்பும். அதைப் பிடிச்சிரலாம்னு சேத்துக்குள்ள போயி எடுத்தோம். சரி, போவட்டும். மத்த நாளெல்லாம் ஒண்ணுமே இல்லையே. வயல் சுத்தம்னு எழுதிடறேன். திங்கக்கிழமை கமிட்டிக்குப் போகுது."

ஆன்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "நனைஞ்சா எவ்ளோ கிளம்பும் மேடம்?"

"சில வயல்ல, வருஷம் பூரா வர்றதுல பாதி அந்த ஒரு வாரத்துல வந்துரும்."

போனை வைத்த பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மூடி கசிந்தால் குப்பிக்குள் என்ன போகும்? அறையின் காற்று போகும். அறைக் காற்று ஆயிரத்து அறுநூறு இருந்தால்தானே குப்பியில் ஆயிரத்து அறுநூறு வரும்? அன்று அறைக் காற்றை ஒரு தடவையாவது ஊசியில் எடுத்துப் போட்டுப் பார்த்தாளா? இல்லை. அடித்த நாற்றம் வேறு எதனுடையதோ. அந்த மிஷின் நாற்றத்தை அளக்கிற மிஷினே இல்லை. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள், மூக்கை நம்பி ஒரு பெட்டியைத் தள்ளியிருக்கிறாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்படி செத்துக் கெடக்குது?" என்றான் பிராங்கிளின்.

"நான் ஒரு பெட்டிய தப்பா தூக்கிப் போட்டுட்டேன். இன்னிக்கு சனிக்கெழம. சிலுவக்கா குப்பி கழுவுற நாளு."

"கழுவுனா இன்னா?"

"மூடியத் தொறந்துதான கழுவணும்."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "போன் பண்ணு, தொறக்காதன்னு சொல்லு."

ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் சிலுவையம்மாள் எடுக்கவில்லை. அவள் போன் பைக்குள் இருக்கும், பை ஆணியில் தொங்கும், அவள் பின்கட்டில் இருப்பாள். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. மணி ஒன்று பத்து.

"உங்க சார் அங்கதான கீறாரு? அவருக்குப் பண்ணு."

ஞானதுரையின் எண் திரையில் இருந்தது. பத்து அடி நடந்து பின்கட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஏப்ரல் போகும். முதலில் நாமே போய்ப் பார்ப்போம், குப்பியை ஒரு தடவை போட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டு அப்புறம் சொல்வோம், ஒருவேளை அது நிஜமாகவே கெட்ட பெட்டியாகக்கூட இருக்கலாம் என்று மனசு அவசரமாக நியாயம் பேசியது. போனைப் பைக்குள் போட்டாள்.

"நேர்ல போறேன்."

"பைத்தியமாடி நீ? ஒரு போன் பண்ண வேண்டியதுக்கு ரயில் ஏறிகினு போறேன்ற."

அவள் அதற்குள் படி இறங்கியிருந்தாள்.

ராயபுரம் நடைமேடையில் ரயிலுக்குப் பதினெட்டு நிமிஷம் நின்றாள். இரண்டு தடவை போனை எடுத்தாள், இரண்டு தடவையும் சிலுவையம்மாளுக்கே அடித்தாள். ரயில் வந்தது. தண்டையார்பேட்டை தாண்டியதும் சிக்னலுக்காக நின்றுவிட்டது. எதிரில் இருந்த அம்மாள் கூடையிலிருந்து நெத்திலி வாடை வந்துகொண்டிருந்தது. "ஒக்காரும்மா, நீ நின்னா வண்டி போயிடுமா" என்றாள் அந்த அம்மாள். ஆன்சி உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். ஒரு குப்பியில் இரண்டு தடவை ஊசி போடத்தான் காற்று இருக்கும். முப்பது குப்பிகள் இன்னும் ஊசியே படாதவை. அவற்றைத் திறக்காமல் இருந்தால் போதும். திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால், டிரெய்லர் லாரிகள் வாலோடு வால் ஒட்டி நின்றிருந்தன. பாதி வழியில் இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள்.

பின்கட்டில் சிலுவையம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, கத்தரிபோல இருக்கும் கருவியால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் குப்பிகள் மினுங்கின.

"இன்னாம்மா, லீவுன்னாங்க. இப்படி எரைச்சிகினு வர்ற?"

"அக்கா, எட்டுன்னு எழுதுன பெட்டி எங்க?"

"இதான். இதத்தான் கழட்டிகினு கீறேன்."

"வுட்டுடு. அப்படியே வச்சிடு."

சிலுவையம்மாள் கையைத் தூக்கிக்கொண்டாள், சுட்டதுபோல. ஆன்சி குனிந்து எண்ணினாள். வலது பக்கமிருந்து ஐந்து வரிசைகள் காலி. பதினைந்து குப்பிகள் தொட்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. விஜயபுராவின் ஐந்து இடத்து மண், சேற்றில் நின்று எடுத்தது, எல்லாம் திருவொற்றியூரோடு கலந்தாயிற்று.

"எப்போ ஆரம்பிச்ச?"

"சோறு துன்னுட்டு ஒண்ணரைக்கு ஒக்காந்தேன். இன்னாத்துக்குக் கேக்குற? வேணாம்னு ஒதுக்கி வச்ச பெட்டிதான? நீதான மேல எழுதிகீற."

"நான்தான் எழுதுனேன். உம்மேல தப்பில்லக்கா."

ஒன்றரை. அப்போது அவள் ராயபுரம் நடைமேடையில் கையில் போனோடு நின்றிருந்தாள். இருபது நிமிஷம் முன்னாலேயே அவளுக்குத் தெரியும். அது தெரிந்தவர்கள் பிராங்கிளினும் அவளும் மட்டும்.

மீதிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இயந்திர அறைக்குப் போனாள். பெரிய எண்களுக்கு மிஷினைச் சரிபார்க்க, அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரை மாட்டினாள். முதலில் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, வெளிக்காற்றை ஊசியில் இழுத்துப் போட்டாள். எட்டு நிமிஷம். முந்நூற்று முப்பத்தொன்பது. இன்னொரு தடவை இழுத்தாள். முந்நூற்று நாற்பத்தொன்று. வெளியே ஓடும் கால்வாயின் நாற்றம் மூக்கைத் துளைக்க, திரையில் நின்ற எண் உலகத்தில் எந்த ஊரிலும் வரக்கூடிய எண்.

பிறகு முதல் வரிசை. சைபர் நிமிஷக் குப்பி: முந்நூற்று ஐம்பத்திரண்டு. இருபது நிமிஷக் குப்பி: எண்ணூற்று எழுபது. நாற்பது: ஆயிரத்து நானூற்றுப் பத்து. கசிந்த குப்பி படி கட்டாது. மண்தான் கட்டும்.

இரண்டாம் வரிசையும் அப்படியே ஏறி முடிந்தபோது ஞானதுரை வாசலில் நின்றார். சிலுவையம்மாள் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னம்மா இது, லீவு போட்டுட்டு வந்து மிஷின ஓட்டிட்டிருக்க?"

ஆன்சி திரையைக் காட்டினாள். நின்றபடியே எல்லாம் சொன்னாள், வடக்குக் காற்றிலிருந்து தொட்டிக் குப்பி வரை. ஒன்று பத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"அனுப்பின ரிப்போர்ட்ட திரும்ப வாங்கணும். நம்ம பேரு என்னாத்துக்கு ஆகும்?"

"தெரியும் சார்."

"ஏழு வரிசை இருக்குல்லா? போதும். இப்படிச் சொல்லிருவோம். சந்தேகம் வந்துது, நாங்களே மறுபடி போட்டுப் பார்த்தோம், அஞ்சு வரிசை கூரியர்லயே மூடி கழண்டு வந்துட்டுன்னு. அது நடக்கதுதான. யாருக்கும் நஷ்டமில்ல. உனக்கு ஏப்ரலும் நிக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். மூடி கழன்று வந்தது என்று எழுதினால் வினிதா நம்புவார். அடுத்த வருஷம் மூடியை இன்னும் இறுக்குவார், கூரியரை மாற்றுவார், இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டே இருப்பார். ஆன்சி தேடிய மாதிரி.

"மேடத்துக்கு நானே பேசிடறேன் சார்."

"என்னன்னு பேசுவ?"

அவள் எண்ணை அழுத்தினாள். வினிதா உடனே எடுத்தார்.

"மேடம், எட்டாம் பெட்டி கெட்டுப்போகல. நான்தான் தப்பா தள்ளிட்டேன். அதுல வந்தது உங்க மண்ணோடதுதான். ரெண்டு வரிசை மறுபடி போட்டுட்டேன், ரெண்டும் படி ஏறுது. இன்னும் அஞ்சு வரிசை பாக்கி, போட்டுகினு கீறேன்." பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவள் திருத்திக்கொள்ளவில்லை.

"நிஜமாவாங்க? அப்ப பன்னெண்டுல ஏழு. மத்த அஞ்சு?"

ஞானதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கத்து அஞ்சும் போச்சு மேடம். கழுவ எடுத்துட்டாங்க. ஒண்ணரைக்குத்தான் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணு பத்துக்கே தெரியும். சாருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நிறுத்தியிருக்கலாம். நான் பண்ணல. எங்க ஏன்னு கேப்பாரோன்னு பயந்துகினு பண்ணல."

மறுமுனையில் வினிதா வயல்வெளியில் நிற்கிறார்போல; ஒரு டிராக்டர் நெருங்கி வந்து தூரமாகப் போயிற்று. ஞானதுரை எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டு வெளியே போனார். ஏப்ரலில் அந்தக் கையெழுத்து ஆன்சிக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்த ஜெரிக்குப் போயிற்று. மிஷினுக்கு ஆன்சி, தாளுக்கு ஜெரி என்று கொஞ்ச நாள் கேலி ஓடியது. அப்பா சந்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"அந்த அஞ்சுல," என்று கடைசியில் வினிதா தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "அந்த அஞ்சுலதான் யூரியாவைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருந்தோம் ஆன்சி. இந்த ஏழும் மொத்தமா போட்டது. எதோட ஒப்பிடறதுன்னு இப்ப எனக்குத் தெரியலைங்க."

"தெரியாது மேடம் எனக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும். சொன்னாத்தானே." குரலில் கோபம் இருந்ததா, களைப்பா என்று ஆன்சியால் பிரித்தறிய முடியவில்லை. "வயல் சுத்தம்னு எழுதின பக்கத்தை எடுத்துடறேன். பிரிச்சுப் போட்டா குறையுமான்னு இன்னொரு மழைக்குத்தான் காத்திருக்கணும். அது எந்த வருஷம் வருதோ. சரி, இருக்கறதைச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

ஆன்சி இரண்டு வரிசைகளையும் படித்தாள். அந்தப் பக்கம் பேனா நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குள் மூன்றாம் வரிசையின் முதல் குப்பி மிஷினில் ஏறியிருந்தது. கோடு தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"லைன்லயே இருக்கட்டுங்களா?" என்றார் வினிதா.

"இருங்க மேடம். ஒரு குப்பிக்கு எட்டு நிமிஷம் ஆகும்."

"பரவால்லைங்க."

திரையில் கோடு ஒரு சிறு மேடு ஏறி இறங்கியது.

"மூணாவது வரிசை, சைபர் நிமிஷம்," என்றாள் ஆன்சி. "முந்நூத்தி நாப்பத்தாறு."

"சரி. அடுத்தது."